திலிச்சோ ஏரிக்கு ஒரு நாள் நடை: புறப்படும் முன் முதல் இறங்கி வரும் வரை

நேபாளத்தின் மனாங் மாவட்டத்தில், அன்னபூர்ணா மலைத்தொடருக்கு வடக்கே, 4,919 மீட்டர் உயரத்தில் இருக்கிறது திலிச்சோ ஏரி. சுமார் நான்கு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் அகலம். 7,134 மீட்டர் உயரமுள்ள திலிச்சோ சிகரத்தின் வடக்குப் பனிச்சரிவுகள்தான் அதற்குத் தண்ணீர் தருகின்றன. 1950-ல் அன்னபூர்ணாவுக்கு வழி தேடி அலைந்த பிரெஞ்சு மலையேற்றக் குழு, மோரிஸ் எர்சோக் தலைமையில் இந்தப் பக்கம் வந்தபோது ஏரி முழுக்க உறைந்து கிடந்தது. காகபுசுண்டி முனிவர் கருடனுக்கு ராமகதை சொன்ன இடம் இதுதான் என்பது நேபாள இந்துக்களின் நம்பிக்கை. அதனால் மலையேற வருகிறவர்களோடு சாமி கும்பிட வருகிறவர்களையும் பாதையில் பார்க்கலாம்.

ஏரிக்குக் கீழே உள்ள கடைசித் தங்குமிடம் திலிச்சோ பேஸ் கேம்ப், 4,150 மீட்டர். அங்கிருந்து விடியும் முன் கிளம்பி, ஏரியைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் 800 மீட்டர் அளவு. இதே கணக்கு கீழே, நம் ஊர் மலையில் என்றால் நல்ல உடம்புள்ள யாரும் காலை டிபனுக்கு முன்னால் முடித்துவிடலாம். ஐயாயிரம் மீட்டரை நெருங்கும் இடத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை விடச் சற்றுத்தான் அதிகம். ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறையும். இந்த நடை கடினமாக இருப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஆகவே ஏரி நாள் நல்லபடியாக அமைவது, அதற்கு முந்தைய ஆறேழு ராத்திரிகள் எந்த உயரத்தில் தூங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த ராத்திரிகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எப்போது போவது

செப்டம்பர் கடைசியில் இருந்து நவம்பர் நடுப்பகுதி வரை முதல் தேர்வு. மழை முடிந்து வானம் கழுவிவிட்டது மாதிரி இருக்கும், ஏரியும் உறையாமல் நல்ல நீலத்தில் இருக்கும். ஏப்ரல், மே இரண்டாவது தேர்வு. வழியில் பூக்கள் உண்டு. ஆனால் ஏரி இன்னும் பனிக்கட்டியாகவே இருக்கலாம், மேல்பாதையில் பனியும் கிடக்கும். நீல நீரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அக்டோபரைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பரில் இருந்து மார்ச் வரை, பனிமலை அனுபவம் இல்லாதவர்கள் போகவே வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் மனாங் மழைமறைவுப் பகுதி என்பதால் அங்கே மழை குறைவு. ஆனால் ஜீப் கிளம்பும் ஊரான பேசிசஹரில் இருந்து மனாங் ஊருக்குப் போகும் சாலையில் நிலச்சரிவு சகஜம்.

அக்டோபரில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது கூட்டம். தசைன், திஹார் பண்டிகை விடுமுறையில் நேபாள இளைஞர்கள் மோட்டார் சைக்கிளிலும் ஜீப்பிலும் மனாங் வந்து திலிச்சோவுக்கு ஏறுவார்கள். பேஸ் கேம்ப்பில் இருப்பதோ ஒருசில லாட்ஜ்கள். அந்த நாட்களில் சாப்பாட்டு அறை பெஞ்சில் படுக்க இடம் கிடைப்பதே பெரிய விஷயம். பண்டிகைத் தேதிகளைப் பார்த்து, ஒரு வாரம் முன்னேயோ பின்னேயோ தள்ளி வையுங்கள்.

இரண்டாவது புயல். வங்கக் கடலில் உருவாகும் புயல் இமயமலையில் பனியாகக் கொட்டும் என்பது நம்மில் பலருக்குத் தோன்றாது. 2014 அக்டோபர் 12-ம் தேதி ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. இரண்டே நாளில் அதன் மிச்சம் அன்னபூர்ணா பகுதியில் கடும் பனிப்புயலாக இறங்கியது. தோரோங் கணவாயிலும் சுற்றுவட்டாரத்திலும் மலையேறிகள், வழிகாட்டிகள், சுமைதூக்குபவர்கள் என 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அன்று காலை வரை வானம் மோசமாகத் தெரியவில்லை என்று நம்பிக் கிளம்பியவர்கள் அதில் உண்டு. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று செய்தி வந்தால், அது ஆந்திரா, ஒடிசா பக்கம் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் மனாங்கைத் தாண்டாமல் அங்கேயே காத்திருங்கள். நம் ஊர்ச் செய்தியைப் பார்க்கும் நமக்கு இந்த எச்சரிக்கை சீக்கிரமே கிடைக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன் சேர்க்க வேண்டியவை

இந்தியக் குடிமக்களுக்கு நேபாள விசா தேவையில்லை. விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் மட்டும் போதாது. இதைத் தெரியாமல் விமான நிலையத்தில் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலைக்கு அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியின் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். இந்தியா, இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டினருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற நாட்டினருக்கு 3,000. சிங்கப்பூர், மலேசியா, கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் இரண்டாவது கணக்கில் வருவார்கள், விசாவும் எடுக்க வேண்டும். காட்மாண்டு, பொக்காரா சுற்றுலா அலுவலகங்களில் அனுமதிச் சீட்டு கிடைக்கும். பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலைந்து கையில் இருக்கட்டும்.

2023 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டு மலையேறிகள் உரிமம் பெற்ற கைடுடன்தான் போக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும், முதல் முறை நாலாயிரம் மீட்டருக்கு மேல் போகிறவர்கள் கைடு வைத்துக்கொள்வதே சரி என்பேன். பாதை தெரிவது ஒரு காரணம். அதைவிட, நமக்கு உடம்பு சரியில்லாதபோது நம் பேச்சைக் கேட்காமல் கீழே கூட்டிப்போக ஓர் ஆள் இருப்பது பெரிய பலம். போர்ட்டர் வைத்தால், அவருக்கும் நல்ல ஷூவும் கம்பளி உடையும் இருக்கிறதா என்று பேசிசஹரிலேயே பார்த்துவிடுங்கள். மேலே போன பிறகு வாங்க முடியாது.

பயணக் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று பாலிசியில் படியுங்கள். பல பாலிசிகள் 4,000 மீட்டரோடு நின்றுவிடும். ஏரியைப் பார்க்கும் மேட்டில் நீங்கள் ஐயாயிரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பீர்கள், அதனால் 6,000 வரை செல்லும் பாலிசியாகப் பாருங்கள்.

பணத்தை நேபாள ரூபாயாக, பேசிசஹரை விட்டுக் கிளம்பும் முன்னே எடுத்துவிடுங்கள். இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்பது நிலையான மாற்று விகிதம். மேலே போகப் போக எல்லாம் கழுதை முதுகிலும் மனித முதுகிலும் வருவதால் விலை ஏறும். ஒரு கெட்டில் வெந்நீருக்கும் போன் சார்ஜுக்கும்கூடக் காசு உண்டு. அதில் பேரம் பேசாதீர்கள்.

உடம்பைத் தயார் செய்ய இரண்டு மாதம் போதும். வாரம் நாலு நாள் வேகநடை, இரண்டு நாள் படிக்கட்டு, கடைசி மாதத்தில் முதுகில் ஆறேழு கிலோ பையோடு. வெள்ளியங்கிரி, பர்வதமலை மாதிரி நீண்ட ஏற்றங்கள் நல்ல பயிற்சி. ஏறுவதை விட இறங்குவதில் முழங்கால் என்ன சொல்கிறது என்று அங்கே கவனியுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மாரத்தான் ஓடுபவருக்கும் உயர மலை நோய் (உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் உடல் கோளாறு) வரும், தொப்பை வைத்தவருக்கு வராமலும் போகும். உடல் வலு காலுக்கும் மூச்சுக்கும் உதவும். உயரத்துக்குப் பழகுவதற்கு நாட்கள்தான் வேண்டும்.

பேஸ் கேம்ப் வரை: நாள் கணக்கு

தமிழ்நாட்டில் இருந்து டெல்லி வழியாக காட்மாண்டுக்கு விமானம், அல்லது கோரக்பூர் வரை ரயில், சுனௌலி எல்லை தாண்டி நாராயண்கட், முக்லிங், தும்ரே வழியாக பேசிசஹர். அங்கிருந்து இப்படிப் போகச் சொல்வேன்:

முதல் நாள் பேசிசஹர் (760 மீட்டர்) வந்து சேருவது.
இரண்டாம் நாள் ஜீப்பில் சாமே (2,670). பாறையைக் குடைந்த குறுகலான சாலை, முதுகெலும்பு ஆடிப்போகும்.
மூன்றாம் நாள் நடந்து மேல் பிசாங் (3,300).
நான்காம் நாள் க்யாரு, ங்காவல் கிராமங்கள் வழியாக மேல்பாதையில் மனாங் (3,540).
ஐந்தாம் நாள் மனாங்கில் ஓய்வு.
ஆறாம் நாள் காங்சார் (3,734) தாண்டி ஸ்ரீ கர்க்கா (4,070).
ஏழாம் நாள் திலிச்சோ பேஸ் கேம்ப் (4,150).
எட்டாம் நாள் ஏரி.

இதில் எல்லோரும் வெட்ட நினைப்பது மூன்றாவது, நான்காவது நாட்களை. ஏனென்றால் ஜீப் மனாங் வரை போகிறது. காலையில் 760 மீட்டரில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் 3,540-ல் இறங்கலாம், இரண்டு நாள் மிச்சம். தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளில் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் கூடுதலாக ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. ஒரே நாளில் 2,800 மீட்டர் ஏறித் தூங்குகிறவர் மறுநாள் காலை தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அதில் ஆச்சரியமே இல்லை. லீவு கம்மி என்றால், ஏரியை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். மனாங் வரை போய்த் திரும்பினாலே கண்ணுக்கு நிறைவான பயணம் அது.

நான்காம் நாள் கீழ்ப்பாதை, மேல்பாதை என்று இரண்டு உண்டு. கீழ்ப்பாதை ஜீப் ரோடு, சுலபம், தூசி. க்யாருவுக்கு ஏறும் மேல்பாதை மூச்சு வாங்கும். ஆனால் பகலில் உயரம் ஏறி ராத்திரி கீழே இறங்கித் தூங்குவதால் உடம்பு நன்றாகப் பழகும். எதிரே அன்னபூர்ணா இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக நிற்கும். கட்டாயம் மேலே போங்கள்.

மனாங்கில் ஓய்வு நாள் என்றால் போர்வைக்குள் படுத்திருக்கும் நாள் இல்லை. காலையில் கங்காபூர்ணா ஏரிக்கரைக்குப் போய், எதிர்மேட்டில் உள்ள சோங்கோர் காட்சி மேடை வரை ஏறி இறங்குங்கள். சீசன் மாதங்களில் மனாங்கில் இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ நிலையம் இயங்குகிறது. உயர மலை நோய் பற்றி அங்கே மருத்துவர்களே மதியம் பேசுவார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அங்கேயே உடம்பைக் காட்டிவிடலாம். ஏரிக்குப் போகும் வழியில் இதற்குப் பிறகு டாக்டர் யாரும் இல்லை.

உடம்பு என்ன சொல்கிறது

லேசான தலைவலி, பசியின்மை, குமட்டல், அசதி, தூக்கம் வராமை: இவை தொடக்கநிலை. இவற்றோடு மேலே ஏறக் கூடாது. அதே இடத்தில் தங்கி, தண்ணீர் குடித்து, சரியானால் மறுநாள் தொடரலாம். சரியாகாவிட்டால் இறங்க வேண்டும்.

அறிகுறி உள்ளவரை நேர்கோட்டில் குதிகாலை ஒட்டிக் கட்டைவிரல் வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சில் குழப்பம் தெரிந்தால், மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் நிற்காமல் வந்தால், நுரையோடு சளி வந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுமே உயிரைப் பறிப்பவை. நடுராத்திரியாக இருந்தாலும் உடனே இறக்க வேண்டும், காலை வரை பார்க்கலாம் என்று விடக் கூடாது. தனியாகவும் அனுப்பக் கூடாது.

டயமாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அசிட்டசோலமைடு மாத்திரை, உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். முன்னெச்சரிக்கையாக 125 மில்லிகிராம் காலை ஒன்று, மாலை ஒன்று என்பது வழக்கமான அளவு. சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். விரல் நுனி சுரீர் என்று மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் போவதும் அதன் பக்கவிளைவு, பயப்பட வேண்டாம். சாராயம், தூக்க மாத்திரை இரண்டையும் மனாங்குக்கு மேலே தொடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரின் தெளிவான சம்மதம் இல்லாமல் இந்த நடையை யோசிக்க வேண்டாம்.

கல் விழும் பகுதி

ஸ்ரீ கர்க்காவுக்கும் பேஸ் கேம்ப்புக்கும் இடையில் மூன்று மணி நேர நடை. உயரம் பெரிதாகக் கூடாது. ஆனால் மொத்தப் பயணத்திலும் நான் அதிகம் கவலைப்படும் இடம் இதுதான், ஏரி ஏற்றம் கூட இல்லை.

மலையின் ஒரு பக்கமே பொடிந்து சரிந்துகொண்டிருக்கும் சாம்பல் நிறச் சரிவு அது. மேலே கோபுரம் கோபுரமாக அரித்துப்போன மண்பாறைகள், கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் ஆறு. நடுவே ஒரு ஆள் அகலத்துக்குப் பாதை. சில இடங்களில் இரண்டு பாதம் சேர்த்து வைக்கும் அளவுதான். காலை வைத்தால் அடியில் இருக்கும் சல்லி கொஞ்சம் நழுவி, நாம் கனம் போட்ட பிறகு நிற்கும். அந்த நழுவலுக்குப் பயந்து மலைப்பக்கம் சாய்ந்தால்தான் கால் வழுக்கும். நிமிர்ந்து, சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் தரையில் படும்படி வையுங்கள். மலைப்பக்கத்துக் கையில் உள்ள ஸ்டிக்கை மட்டும் ஊன்றிக்கொள்ளுங்கள்.

கற்கள் மேலே இருந்து வரும். காற்று தள்ளும், வெயில் பட்டு உறைபனி இளகியதும் தானாகவே விடுபடும், சரிவில் மேயும் நாவுர் என்ற நீலச் செம்மறிகள் குளம்பால் தட்டிவிடும். ஆடுகள் மேலே தெரிந்தால் அவை நகரும் வரை நில்லுங்கள். காற்றும் வெயிலும் கூடும் முன்பே தாண்டிவிட வேண்டும் என்பதால் ஸ்ரீ கர்க்காவில் இருந்து காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள். ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். கல் வருவது கண்ணில் தெரிவதற்கு முன் காதில்தான் கேட்கும். குழுவாகப் போனால் எச்சரிக்கைப் பலகை உள்ள சரிவுகளை ஒருவர் தாண்டிய பிறகு அடுத்தவர் தாண்டட்டும். நடுவில் நின்று போட்டோ எடுக்கவே கூடாது. எதிரே ஆள் வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, மலைப்பக்கமாக நின்று வழிவிடுங்கள்.

உயரம் பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள் கைடுக்குப் பின்னால் அவர் குதிகாலை மட்டும் பார்த்து நடந்தால் தாண்டிவிடலாம். மழையோ புதுப்பனியோ பெய்திருந்தால் அன்று ஸ்ரீ கர்க்காவிலேயே இருந்துவிடுங்கள்.

பேஸ் கேம்ப்பில் சாயங்காலம்

பதினொரு மணி வாக்கில் வந்துவிடுவீர்கள். சாப்பிட்டுவிட்டு, ஏரிப் பாதையில் ஒரு நூறு நூற்றைம்பது மீட்டர் உயரம் மெதுவாக ஏறி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள். இருட்டில் கிளம்பப் போகும் பாதை எப்படித் தொடங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

ராத்திரிக்கு தால் பாத்தே சிறந்தது. சூடான சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கேட்டால் மறுபடி போடுவார்கள். பூண்டு சூப்பும் எல்லா லாட்ஜிலும் உண்டு. அது உயர நோயைத் தடுக்கும் என்று சொல்வார்கள், அதை நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம். ஆனால் குளிரில் தொண்டைக்கு இதமாக இருக்கும். மறுநாள் காலைச் சாப்பாட்டை ராத்திரியே சொல்லி, காசையும் கொடுத்துவிடுங்கள். நாலரை மணிக்குச் சமையல்காரரை எழுப்பி ஆர்டர் சொல்லிக் காத்திருந்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

படுக்கும் முன் பையை அடுக்கிவிடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் ஒரு லிட்டர் ஃபிளாஸ்கில் வெந்நீராக. பாட்டிலைப் பையில் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், மூடிப்பக்கம் உறையாமல் இருந்தால்தான் குடிக்க முடியும். குழாய் வைத்த தண்ணீர்ப் பைகள் இந்தக் குளிரில் உதவாது, குழாய்க்குள் நீர் கட்டியாகிவிடும். தின்பதற்குக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், சாக்லேட். உயரத்தில் பசி செத்துவிடும், ஆனாலும் இனிப்பு உள்ளே இறங்கும். ஹெட்லைட், கூடுதல் பேட்டரி, கறுப்புக் கண்ணாடி, சன் க்ரீம், உதட்டுக்கு வாஸ்லின், முதலுதவிப் பொட்டலம். போனையும் பவர் பேங்கையும் தூங்கும்போது போர்வைக்குள் வைத்துக்கொண்டு, நடக்கும்போது சட்டைக்கு உள்பையில் போடுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று தீர்ந்துவிடும்.

உடையை அடுக்கடுக்காகப் போடுவதுதான் முறை. உடம்பை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். இறகு அடைத்த ஜாக்கெட்டைப் பையில் வைத்து, நிற்கும்போது மட்டும் போடுங்கள். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாமல் குளிரை உடம்போடு ஒட்டவைக்கும். மெல்லிய கையுறை ஒன்று, அதற்கு மேல் தடித்தது ஒன்று.

தூக்கம் சரியாக வராது. மூச்சு கொஞ்சம் நின்று, பிறகு வேகமாக இழுத்து விழிப்புத் தட்டும். இந்த உயரத்தில் அது பலருக்கும் வருவதுதான். தலைவலி இல்லாமல், சாப்பிட்டது தங்கியிருந்தால், தூக்கம் குறைந்ததை மட்டும் வைத்துப் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை.

ஏரி நாள்

நாலரைக்கு எழுந்து ஐந்துக்குக் கிளம்புவது நல்லது. பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் குளிர். வெளியே வந்ததும் நடுங்கும் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகவே உடுத்துங்கள், இருபது நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினால் வியர்த்து, முதல் நிறுத்தத்தில் விறைத்துப்போவீர்கள்.

முதல் ஒரு மணி நேரம் சரிவை ஒட்டி ஏறும் பாதை. இங்கேதான் பலர் வேகமாகப் போய்ச் சக்தியைத் தொலைக்கிறார்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதுதான் வேகத்துக்கு அளவுகோல். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். பத்து நிமிடம் ஓடிப் பத்து நிமிடம் உட்காருவதை விட, எறும்பு போல நிற்காமல் ஊர்வது நல்லது. கைடு முன்னால் போனால் குழுவிலேயே மெதுவாக நடப்பவரை அவருக்கு அடுத்து விடுங்கள்.

வெளிச்சம் வந்த பிறகு பாதை வளைந்து வளைந்து மேலேறத் தொடங்கும். இந்த வளைவுகள்தான் அன்றைய நாளின் முக்கிய உழைப்பு. குறுக்குவழி என்று தெரியும் தடங்களில் ஏறாதீர்கள். சல்லியில் இரண்டு அடி ஏறினால் ஓர் அடி சறுக்கும், கீழே வருபவர் மேல் கல் விழும். ஒரு அடிக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே போனதும் அது ஒரு அடிக்கு இரண்டு மூச்சாகலாம். இரண்டு வளைவுக்கு ஒரு முறை நின்று ஒரு வாய் வெந்நீர், ஒரு துண்டு இனிப்பு. நின்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இடது பக்கம் பனிச்சுவர் முழுதாகத் தெரியத் தொடங்கும். 1950-ல் பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'பெரும் தடுப்பு' என்றே பெயர் வைத்தார்கள், அவர்கள் வழியை அப்படி மறித்துக்கொண்டு நின்றது அது. அவ்வப்போது எங்கோ பனி சரிந்து இடிபோல முழங்கும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம்தான், பாதைக்கு வராது.

வளைவுகள் முடிந்ததும் வந்துவிட்டோம் என்று தோன்றும். வரவில்லை. சமதளம் மாதிரியான மேட்டில், சின்னக் குட்டைகளைத் தாண்டி இன்னும் அரை மணியில் இருந்து முக்கால் மணி நேரம். ஏற்றம் குறைவு, ஆனால் உயரம் அதிகம், காற்று நேராக முகத்தில் அடிக்கும். ஜாக்கெட்டை இங்கே போட்டுக்கொள்ளுங்கள். தலைவலி யாருக்காவது தொடங்கியிருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடமும் இதுதான். ஏரி கண்ணில் படும் முன்பு கேட்டால் உண்மையைச் சொல்வார்கள், ஏரியைப் பார்த்த பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு பிரார்த்தனைக் கொடிகளும் பெயர்ப்பலகையும், அதற்குக் கீழே ஏரி. நல்ல வேகத்தில் வந்தவர்கள் மூன்றரை மணி நேரத்தில், மெதுவாக வந்தவர்கள் ஐந்து மணி நேரத்தில் இங்கே நிற்பார்கள். ஒன்பது மணிக்குள் வந்தால் பெரும்பாலும் காற்று குறைவாக இருக்கும், சிகரத்தின் நிழலும் வெயிலும் தண்ணீரில் பாதிப் பாதியாக விழுந்திருக்கும். நீர்மட்டம் வரை இறங்க வேண்டாம். சரிவு செங்குத்து, இறங்கியதைத் திரும்ப ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும். ஏரியின் முழு நீளமும் மேட்டில் இருந்துதான் தெரியும். சீசனில் மேலே ஒரு சின்ன டீக்கடை திறந்திருக்கலாம், அதை நம்பி ஃபிளாஸ்கை விட்டு வராதீர்கள். அரை மணி, அதிகம் போனால் முக்கால் மணி நேரம் இருங்கள்.

திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து, குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். என் கணக்கு பதினொரு மணி. பதினொரு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தாலும், ஏரி இன்னும் இருபது நிமிடம்தான் என்று எதிரே வருபவர் சொன்னாலும், திரும்ப வேண்டும். முற்பகல் முடியும்போது இந்த மேட்டில் காற்று பிடிக்கும், மேகம் ஏறும், மூடினால் பாதை தெரியாது. அதோடு களைத்த கால்களோடு இரண்டு இரண்டரை மணி நேரம் இறங்க வேண்டியிருக்கிறது. இறங்கும்போது ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். ஸ்டிக்கின் நீளத்தை ஐந்து பத்து சென்டிமீட்டர் கூட்டுங்கள்.

அன்றே கல் பகுதியைத் தாண்டலாமா?

மதியம் பேஸ் கேம்ப் வந்து சாப்பிட்டதும், அப்படியே ஸ்ரீ கர்க்கா போய்விடலாம் என்று பலரும் கிளம்புகிறார்கள். நாள் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் காற்றும் வெயிலும் கல்லைத் தள்ளும் நேரம் சரியாக அதுதான், உங்கள் காலும் கவனமும் ஓய்ந்திருக்கும் நேரமும் அதுதான். உடம்பில் நோய் அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்னொரு ராத்திரி பேஸ் கேம்ப்பில் தங்கி, காலையில் தாண்டுங்கள். அறிகுறி இருந்தால் கதை வேறு: இறங்கியே ஆக வேண்டும், கைடுடன், மெதுவாக, நின்று மேலே பார்த்துப் பார்த்து.

கொண்டுபோன பிளாஸ்டிக் உறை ஒவ்வொன்றும் உங்களோடு மனாங் வரை இறங்க வேண்டும். மேலே குப்பையை அள்ள யாரும் வருவதில்லை.

ஸ்ரீ கர்க்காவில் இருந்து மனாங் இறங்காமலே யாக் கர்க்காவுக்கு ஒரு மேல்பாதை போகிறது. ஏரிக்கு ஏறிய உடம்பு உயரத்துக்கு நன்றாகப் பழகியிருக்கும் என்பதால் 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயைத் தாண்டி அடுத்த பக்கம் முக்திநாத்தில் இறங்குவது இந்தப் பயணத்தின் நல்ல தொடர்ச்சி. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் வணங்கும் தலம் அது. கீழே ஜோம்சோம் வழியாக ஜீப்பில் வரும் நம் ஊர் யாத்திரிகர்களை அங்கே சந்திக்கலாம். இதற்கு இன்னும் மூன்று நாலு நாள் வேண்டும். முக்திநாத்தில் இருந்து ஜீப்பிலோ பஸ்ஸிலோ ஜோம்சோம் வந்து பொக்காரா போய்விடலாம். நாள் இல்லாதவர்கள் மனாங் திரும்பி, மறுநாள் காலை ஜீப்பில் பேசிசஹர் இறங்கலாம். இறங்குவதை ஒரே நாளில் செய்வதில் உடம்புக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. சீசனில் ஜீப் இடத்தை முதல் நாள் சாயங்காலமே மனாங்கில் சொல்லி வைத்துவிடுங்கள்.